வெளிச்சவீட்டுக் கதையின் முடிவு பிழை

கற்பிட்டியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. மேல் தட்டில் கலியாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைகள். கீழ்த் தட்டில் மகன் கிரிக்கெட் விளையாடி வாங்கிய கிண்ணங்கள். நடுத் தட்டு என்னுடையது. அதில் சிறுவர்களுக்கான துப்பறியும் கதைப் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றுக்கு அட்டை இல்லை, சிலவற்றுக்கு முதுகு இல்லை, எல்லாவற்றிலும் கருவாட்டு மணம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இன்றைக்கும் பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கொஞ்சம் சாய்கிற நேரத்தில் அதில் ஒன்றைத்தான் எடுக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வெட்கப்பட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கள்வன் யாரென்று தெரிந்த பிறகு அதில் வாசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். கோழிக் கறி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டதால் யாராவது கோழிக் கறியை விட்டுவிட்டார்களா? எனக்குக் கள்வனைப் பற்றி அக்கறையே இல்லை. அவனைப் பிடிக்கக் கிளம்புகிறவளுக்காகத்தான் வாசிக்கிறேன்.

இந்த அலுமாரி பெரிய கதையானது மகளைப் பெண் பார்க்க வந்தபோது.

மகள் புத்தளத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். அவளுக்குப் புத்தளம் டவுனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டார் நாட்டில் வேலை. மாப்பிள்ளையின் உம்மா வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அந்தப் பேச்சைக் கொண்டு வந்தவர் என் மதினி, அதாவது என் கணவரின் தங்கை; அவரும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். கொண்டு வந்த உரிமையில் முதல் நாளே வந்து வீட்டை மேற்பார்வை செய்தார். திரைச்சீலையை மாற்றச் சொன்னார், மாற்றினேன். கதிரைகளைச் சுவரோரம் இழுக்கச் சொன்னார், இழுத்தேன். பிறகு அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

“இது என்ன மதினி, சின்னப் புள்ளைகள்ட பொஸ்தகம்? சபையில வைக்கிற சாமானா இது?”

“அது அங்கதான் இரிக்கும்.”

“ஒரு உரப்பையில போட்டு வெங்காயக் கொட்டில்ல வைங்க. அவங்க போனத்துக்குப் பொறகு எடுத்து வைக்கலாம். ஒரு நாளைக்குத்தானே?”

“ஒரு நாளைக்கும் மாட்டேன்.”

குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிற வெங்காயத் தோட்டத்திலிருந்து என் கணவர் வந்து சேர்ந்தார். கால் கழுவியபடியே இரண்டு பக்கத்தையும் கேட்டார். தங்கை சொல்வதும் சரி, மனைவி சொல்வதும் சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுத் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அவர் அப்படித்தான். எனக்கு வலித்தது மகள் சொன்னதுதான். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள், மதினி எல்லாவற்றையும் ஒப்புவித்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு நாளைக்கு எடுத்து வச்சா என்ன உம்மா? அவங்க பாத்துச் சிரிப்பாங்க.”

சுருக்கென்று இருந்தது. அவளுடைய வாழ்க்கை. இந்தச் சம்பந்தம் தட்டிப் போனால் ஊரே என் நடுத் தட்டைத்தான் காட்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பயமாகவும் இருந்தது. ஆனாலும் அந்தப் புத்தகங்களை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

காரணம் இருக்கிறது.

நான் பெரிய பிள்ளையானதும் எனக்குத் தெரு மூடப்பட்டது. பள்ளிக்கூடம் போகலாம், யாராவது துணைக்கு வந்தால். கடற்கரை கூடாது. பக்கத்து வீடும் கூடாது. பக்கத்து வீட்டில்தான் என் கூட்டாளி இருந்தாள். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவளுடைய அப்பா லொறியில் கொழும்புக்குக் கருவாடு ஏற்றிப் போவார். திரும்பி வரும்போது நடைபாதைக் கடையில் அவளுக்குப் பழைய புத்தகம் வாங்கி வருவார். நான் வெளியே நடமாட முடியாமல் போனது ஒரு நோன்பு மாதத்துக்குச் சற்று முன்பு. நோன்பு தொடங்கியதும் எங்கள் வீட்டிலிருந்து வழமை போல அவர்கள் வீட்டுக்குக் கஞ்சி போனது. எங்கள் பக்கத்தில் சட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த முறை எங்கள் சட்டி திரும்பி வந்தபோது உள்ளே கடதாசியில் சுற்றிய ஒரு புத்தகம் இருந்தது.

உம்மா மூடியைத் திறந்து பார்த்தார்.

“என்ன இது?”

“பொஸ்தகம் உம்மா.”

“எண்ணெ படாமப் பாத்துக்க,” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் கஞ்சியோடு அது திரும்பிப் போனது, அடுத்தது வந்தது. நோன்பு முடிந்தும் அந்தச் சட்டி ஓயவில்லை. இங்கிருந்து வட்டிலப்பம் போனால் அங்கிருந்து நண்டுக் கறி வரும். நத்தார் பெருநாளுக்கு அங்கிருந்து கேக் வந்தால் ஹஜ்ஜுக்கு இங்கிருந்து இறைச்சி போகும். எது போனாலும் வந்தாலும் கூடவே ஒரு கதை. வாசித்ததைப் பற்றிய சண்டையெல்லாம் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நடக்கும்.

எல்லாக் கதையிலும் அதே மூன்று பேர். கண்ணாடி போட்ட ஒரு அக்கா, எப்போதும் பசிக்கிற அவளுடைய தம்பி, தபால்காரரின் மகன். கடலோரம் ஒரு சின்ன ஊர். அங்கே எப்போதும் ஏதாவது காணாமல் போகும். அந்த அக்கா போய்க் கேட்பாள். “நேற்று மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அவர் என்ன சொன்னார்? எப்போது சொன்னார்?” எனக்குப் புதுமையாக இருந்தது அவளுடைய கெட்டித்தனம் இல்லை. பெரிய மனிதர்கள் அவளுக்குப் பதில் சொன்னார்கள்! கடைக்காரர் பதில் சொன்னார், தலைமை ஆசிரியர் பதில் சொன்னார், பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். எங்கள் வீட்டில் நான் எதைக் கேட்டாலும், “பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இவ்வளவு கேள்வி?” என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அப்படிப்பட்டவளுக்கு அந்தப் புத்தகங்கள் என்னவாக இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

அதில் வெளிச்சவீட்டுக் கதை என்று ஒன்று. கடலுக்குள் ஒரு பாறை, அதில் கப்பல்களுக்கு வழி காட்டும் வெளிச்சவீடு. அதன் பெரிய கண்ணாடி களவு போகிறது. அன்றைக்கு ஒரு வள்ளமும் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசி அத்தியாயத்தில் அக்கா விளக்குகிறாள்: மத்தியானம் கடல் வற்றிப் பின்வாங்கியது, கடிகாரம் திருத்துகிறவர் மணலில் நடந்தே போய் எடுத்து வந்தார், திரும்பி வந்த கடல் அவருடைய காலடியை அழித்துவிட்டது. ஊரே கை தட்டுகிறது.

நாங்கள் கை தட்டவில்லை. கூட்டாளியின் மாமாமார் கண்டக்குழியில் கடலுக்குப் போகிறவர்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கத்தினாள்:

“கடல் எங்கயடி போகும்? சந்தைக்கா?”

எங்கள் கடல் எங்களுக்குத் தெரியும். வற்றினால் கரையில் கொஞ்சம் ஈர மணல் தெரியும், அவ்வளவுதான். நடந்து போகிற அளவுக்கு அது யாருக்கும் வழி விட்டதில்லை. ஆகவே புத்தகம் பொய் சொல்கிறது. அப்படியானால் எடுத்தவர் வெளிச்சவீட்டுக் காவல்காரர்தான், அந்தப் பாறையில் வள்ளம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானே? அதுவும் இரண்டாம் அத்தியாயத்திலேயே, கேட்காமல் எல்லோருக்கும் தேநீர் கொடுக்கிறார். எதற்காம்? பாவம் கடிகாரக்காரர். அவரை விடுதலை செய்துவிட்டோம். அச்சில் வந்த ஒன்றைப் பிழை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ருசி இன்னும் போகவில்லை.

பிறகு எனக்கும் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு இந்தப் புத்தகங்களில் என்னிடம் இருந்தவற்றைப் பெரியம்மா கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க இருந்ததைக் கேட்க இடமும் இல்லை. என் கணவர் நல்லவராக அமைந்தது அல்லாஹ்வின் கருணை. அது வேறு கதை. ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தப் புத்தகங்களை நான் மறக்கவில்லை. கூட்டாளி கலியாணம் முடித்து இத்தாலிக்குப் போகும்போது தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் எனக்கு அனுப்பினாள். சட்டி போதாமல் மீன் பெட்டியில் வந்தன. அன்றே அலுமாரியில் வைத்தேன். இனி இவை எந்தக் கட்டிலுக்கு அடியிலும் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சண்டை மட்டும் ஓயவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அவள் இத்தாலிக் கடற்கரையில் நின்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள்: “இஞ்சயும் கடல் ஒரு இடமும் போகேல்லையடி!” எனக்கு அது பெரிய சாட்சியாக இருந்தது. ஆனால் மகள் விடவில்லை. எங்கோ வடக்கே ஒரு நாட்டில் கடல் கண்ணுக்கெட்டிய தூரம் வற்றிப் போய், ஆட்கள் தீவுக்கு நடந்து போகிற வீடியோவைப் பிடித்து என் முன்னால் நீட்டினாள்.

“பொஸ்தகம் சரி உம்மா. நீங்கதான் பிழை.”

“அது அவங்கட கடல். இந்தக் கதையில காலைல என்ன சாப்புடுறாங்க? புட்டு. புட்டுத் தின்ற ஊர்ல கடல் அப்படிப் போகாது.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். நான் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளையின் உம்மா அலுமாரிக்கு நேர் எதிர்க் கதிரையிலேயே உட்கார்ந்தார். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். மகள் தேநீர்த் தட்டோடு வந்தாள். அந்தப் பெண்மணி கோப்பையை எடுத்தபடி நடுத் தட்டைப் பார்த்தார்.

“வீட்டுல சின்னப் புள்ளைகளும் இரிக்காங்களா?”

“இல்ல, அது பழைய...” என்று மதினி தொடங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்:

“அது உம்மாட பொஸ்தகம் மாமி. இப்பவும் வாசிப்பாங்க. நானும் வாசிச்சிரிக்கேன்.”

“இந்த வயசுலயுமா?” அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை.

“எல்லாம் நல்ல கதை. அந்த வெளிச்சவீட்டுக் கதை மட்டும் முடிவு பிழை. எங்கட கடல் அப்படிப் போகாது,” என்றாள் மகள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீடியோ காட்டி என்னை மடக்கியவள் அவள்தான். இப்போது தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், சபையில் என் கட்சி பேசுகிறாள்.

மாப்பிள்ளையின் உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயத்துக்கு வந்தார்.

“கலியாணத்துக்குப் பொறகு வேலைக்குப் போறதெல்லாம் தேவல்ல. அத இப்பவே சொல்லிரணும் பாருங்க.”

மகள் தட்டை மேசையில் வைத்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஒரு விஷயம் கேக்கலாமா மாமி? அது மாப்புளட விருப்பமா, உங்கட விருப்பமா?”

“எங்கட மகன் எங்கட சொல்லுத் தட்ட மாட்டான்.”

“அவர் என்ன சொன்னார்? எப்ப சொன்னார்?”

மரியாதையான குரல். ஆனால் கேள்வி அதே கண்ணாடி போட்ட அக்காவின் கேள்வி. வார்த்தைகூட மாறவில்லை. அந்தப் பெண்மணி கோப்பையைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“அப்ப அவர்கிட்ட இன்னும் கேக்கல்லயா மாமி?”

“பொண்ணு கேள்வி கேக்குற வழம எங்கட பக்கத்துல இல்ல,” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். வட்டிலப்பத்தில் கரண்டிகூடப் படவில்லை.

பதில் மதினி மூலம் வந்தது. பெண் நல்லம், வாய்தான் கூடுதல். மதினி வாசலிலேயே நின்று கொட்டித் தீர்த்தார்.

“நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்தப் பொஸ்தகம்தான் இவ்வளவுக்கும் காரணம்!”

“ஓம் மதினி,” என்றேன். “அதுதான் காரணம்.”

மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மகள் உள்ளே வேலைக்குப் போகிற உடுப்பை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். கவலையாக இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம், என்றாள். பொய் சொல்லவில்லை. அந்தக் கொஞ்சம் என் நெஞ்சில் கனமாகத்தான் உட்கார்ந்தது. பிறகு அவளே, “எப்ப சொன்னாருண்டு கேக்கக்குள்ள அவட முகத்தப் பாத்தீங்களா உம்மா?” என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அயன் பெட்டியை நிறுத்த மறந்து, சட்டைக் கை ஒன்று கருகிப் போனது.

இப்போது கற்பிட்டியிலேயே இன்னொரு இடத்திலிருந்து பேச்சு வந்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார்கள். மதினி கோபத்தை மறந்து மறுபடி மேற்பார்வைக்கு வந்தார். இந்த முறை அலுமாரியைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் அலுமாரியைத் திறந்தாள். மேல் தட்டிலிருந்த தேநீர்க் கோப்பைகளைக் கீழே இறக்கினாள். புத்தகங்களை மேலே ஏற்றினாள். வெளிச்சவீட்டுக் கதையைத் தனியே எடுத்து, கிழிந்த அட்டை வெளியே தெரியும்படி முன்னால் நிறுத்தினாள்.

“இது என்னத்துக்குப் புள்ள முன்னால?” என்றார் மதினி.

“வாறவங்க முதல்ல இதப் பாக்கட்டும் மாமி,” என்றாள். “பாத்துட்டு, இரிக்கிறவங்க இரிக்கட்டும்.”