இடாப்புக்கு வராத கேத்தல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது 'வந்திருக்கிறேன்' என்று சொல்ல எனக்குச் சத்தம் வராது. கடைசி வாங்கில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பேன். வாத்தியார் வராதவன் என்று பதிந்துவிடுவார். நான் போன பல நாட்கள் அந்த இடாப்பில் போகாத நாட்களாகவே இருக்கின்றன.

பிறகு குறிஞ்சிப்பிட்டியில் ஒரு மரக்கறி லொறிக்குச் சாரதியானேன். டாஷ்போட்டில் இருக்கும் இங்கிலீஸ் எழுத்தெல்லாம் எனக்கு விளங்காது, படங்கள்தான். ஒயில் விளக்கு, மூக்கில் ஒரு சொட்டுத் தொங்கும் தேத்தண்ணிக் கேத்தல். எஞ்சின் விளக்கு, ஆமை. பட்டறி, இரண்டு கொம்பு வைத்த பெட்டி. சீட் பெல்ட், சால்வை போட்ட மனிசன். சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்திய இடத்தில் நிறுத்தினால் எல்லாம் ஒன்றாகப் பற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணையும். பெல்ட்டைப் போட்டு ஹேண்ட் பிரேக்கையும் இறக்கினால் ஒரு சிவப்பும் மிஞ்சாது. அதற்குப் பிறகும் ஒன்று எரிந்தால் வண்டிக்கு ஏதோ நோவு. முதலில் நடப்பது இடாப்பு. எல்லாரும் பேர் சொல்ல வேண்டும். பிறகு பாடம், ஒருத்தரும் கதைக்கக் கூடாது. காலையில் லொறியில் தனியே இருந்து பார்த்துப் பார்த்து நானே பிடித்தது இது.

லொறிக்காரர் லொறியை விற்றதும் வேலை போயிற்று. பழைய வேன் ஒன்று வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். கண்டக்குழியில் பதினொரு பிள்ளைகளின் உம்மாமார் சம்மதித்துவிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் வேன் வராவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். வண்ணாத்திவில்லில் ஒரு ஹாஜியாரிடம் வேன் இருப்பதாக மனைவியின் மூத்த சகோதரர், அவளுடைய நானா, விசாரித்துக்கொண்டு வந்தார். வியாழக்கிழமை மூன்று பேரும் போனோம்.

மனைவியின் நானா, என் மச்சான், என்னைப் போல் இல்லை. போன வீட்டில் கதிரை போடுமுன்னே கதை தொடங்கிவிடுவார். அவர் ஹாஜியாரோடு கதைத்துக்கொண்டிருக்க, நான் வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ஆமை வந்தது, பெட்டி வந்தது, சால்வைக்காரன் வந்தான். கேத்தல் வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். வரவில்லை.

"என்ன மச்சான், சாவியோட விளையாடுறீங்க? ஸ்டார்ட் பண்ணுங்களன்" என்றார் மச்சான்.

பெல்ட்டைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஸ்டார்ட் பண்ணினேன். நன்றாகவே ஓடியது. மச்சான் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "இஞ்ச பாருங்க, எல்லா லைட்டும் போயிட்டு. ஒரு குறையுமில்ல. ஹாஜியார், எங்களுக்குப் பிடிச்சிட்டு."

உள்ளே தேத்தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு குறை சொன்னால் வீட்டுக்காரரைப் பொய்யராக்கிய மாதிரி.

எஞ்சினை அணைத்து இறங்கி, மனைவியிடம் மெதுவாக, "கேத்தல் வரல்ல" என்றேன். வீட்டில் சொல்லிச் சொல்லி அவளுக்கும் என் படங்கள் எல்லாம் தெரியும்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன? அவருக்கிட்டச் சொல்லுங்க."

"நீ சொல்லன்."

"ஓம், வேனையும் நானே ஓட்டுறன்."

தட்டில் நாலு கிளாஸ் வந்தது. மச்சான் எடுத்தார். நான் எடுக்கவில்லை. திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. அந்த வேனில் ஏறப்போகும் பதினொரு பிள்ளைகளும் மனதில் வந்தார்கள்.

"ஹாஜியார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஹாஜியார், ஸ்டார்ட் பண்ண முந்தி ஒயில் லைட் வரணும். வரல்ல."

மச்சான் சிரித்தார். "வராட்டி நல்லம்தானே. லைட் எரியிற வேனையா தேடுறீங்க?"

"பிறகு எரியாட்டி நல்லம். முந்தி எரியாட்டி அதுக்கு வாயே இல்ல. ஒயில் முடிஞ்சாலும் சொல்லாது."

வெளியாளிடம் நான் இவ்வளவு நீளமாகக் கதைத்ததை மனைவி அன்றுதான் கண்டாள்.

ஹாஜியார் கோபிக்கவில்லை. தானே ஏறிச் சாவியைத் திருப்பிக் குனிந்து பார்த்தார். "நாலு வருஷமா ஓட்டுறன். நான் இதப் பார்த்ததே இல்ல" என்றார். சந்தியில் இருந்த மெக்கானிக்கை அழைத்தார். டாஷ்போட்டைக் கழற்றினால் பல்ப் கருகியிருந்தது. வேறொன்றும் இல்லை. புதுப் பல்ப் போட்டுச் சாவியைத் திருப்ப, கேத்தல் சிவப்பாக வந்து நின்றது. ஸ்டார்ட் பண்ணியதும் அணைந்தது. அதற்குப் பிறகுதான் என் கிளாஸை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

"ஒரு பல்புக்காக எங்களையெல்லாம் வெயில்ல காய வச்சிட்டீங்க" என்று பாலாவிச் சந்தி வரைக்கும் மச்சான் சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தேன். ஓட்டத்திலேயே கேத்தல் பற்றியது. ரோட்டோரம் நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்தேன். இறங்கிப் பார்த்தால் அடி நட்டுத் தளர்ந்து, ஒயில் மணலில் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவர் ஒரு ஓட்டோவோடு வந்து, பிள்ளைகளை மூன்று நடையில் வீடுகளில் சேர்த்துவிட்டு, ஒரு மெக்கானிக்கோடு திரும்பி வந்தார். "இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டியிருந்தா எஞ்சின் இறுகியிருக்கும்" என்றார் வேனுக்கடியில் கிடந்த மெக்கானிக். மச்சான் மணலையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

போன மாதம் அவர் தனக்கு ஒரு கார் பார்க்கப் போனார். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது.

"மச்சான், ஆமை வந்திட்டு. பெட்டி வந்திட்டு. கேத்தலும் வந்திட்டு. தேத்தண்ணி கொண்டு வாறாங்க, குடிக்கட்டா?"

"ஸ்டார்ட் பண்ணி எல்லாம் அணையுதா பாருங்க. பிறகு குடிங்க" என்றேன்.