எலிக்கு வைத்த மருந்து

சென்ற வாரம் குன்னத்துகால் பேருந்தில் பக்கத்து விளைக்காரர் தங்கையன் அண்ணன் என்னிடம் கேட்டார்:

"வக்கீலே, தெங்குப் பொந்துல இருக்கிய ஆந்தையக் கொன்னா கேசு வருமா?"

"கண்டிப்பா வரும் அண்ணே."

"மரச்சீனி விளையில எலிக்கு மருந்து வச்சா?"

"அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல."

இன்று மாலை வெளிச்சம் மங்கிய வேளையில் மரவள்ளிக்கிழங்கு நட்டிருக்கும் அந்த விளையோரமாக நடந்து வந்தேன். ஆந்தை சிறகுச் சத்தமே இல்லாமல் தாழப் பறந்து வந்து, தள்ளாடிக்கொண்டிருந்த ஓர் எலியைத் தூக்கிக்கொண்டு குஞ்சுகளிருக்கும் தென்னைப் பொந்துக்குத் திரும்பியது. அந்த அரையிருட்டில், ஓட இயலாத எலியே அதற்கு எளிதில் அகப்படுகிறது.

அண்ணனை அழைத்துப் பொந்தைக் காட்டினேன்.

"நான் ஆந்தையத் தொடவே இல்ல வக்கீலே! நீங்க சொன்னபடி எலிக்காக்கும் வச்சேன்."

"மிச்ச மருந்த இப்பவே எடுங்க."

"எடுக்கேன். தின்னுட்டுப் போன எலியள எங்க போய்த் தேட?"

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என் தொழில் பழக்கம். மருந்து தின்ற எலியை ஆந்தை தின்றால் என்னவாகும் என்று அன்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

பொந்திலிருந்து குஞ்சுகளின் சத்தம் இன்னும் கேட்கிறது. அவற்றைக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். நான் கேட்கத் தவறியதையும் தயவுசெய்து சேர்த்தே சொல்லுங்கள்.