பையில் கிடந்த ஒற்றைத் தோட்டா

"விரல், லொரீன். விரலை எடு."

லொரீன் கையில் இருந்தது, விசையை அழுத்திப் பீய்ச்சிக் கண்ணாடி துடைக்கிற மருந்துப் பாட்டில். அவள் புருஷன் டெல்மருக்கு அதுவும் துப்பாக்கிதான். விசையில் விரல் படக்கூடாது, பக்கவாட்டில் நீட்டி வைக்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்கும் வீட்டில் இதே சட்டம்.

"ஜன்னலையா சுடப்போறேன்? போ அந்தப் பக்கம்" என்றாள் அவள்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவன் டெல்மர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, துப்பாக்கிப் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் தம்பி ராய், காலி என்று நம்பித் துடைத்த துப்பாக்கி வெடித்து, இன்றைக்கும் காலை இழுத்து இழுத்து நடக்கிறான். அதனால் லொரீனால் முழுசாக மறுக்கவும் முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பயிற்சிக் கட்டணம் நானூற்று எழுபது டாலர், அவ்வளவுதான் செலவு என்று முதலில் சொன்னான். அப்புறம்தான் வால் நீண்டது. சுட்டுப் பழகப் பெட்டி பெட்டியாகத் தோட்டா. பயிற்சி நடக்கிற லிங்கன் நகரில் விடுதி. நாளைக்கு எவனாவது வழக்குப் போட்டால் என்று காப்பீடு. பின்னால் அவன் எடுக்கப்போகிற வகுப்பில் காட்ட நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கிகள் வேறு. ஒழுகுகிற கூரைக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதி கரைந்தது. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

போன மாதம் பயிற்சிக்குப் போனான். வகுப்பறைக்குள் நிஜத் தோட்டா வரவே கூடாது. ஊரில் எல்லோருக்கும் அந்த விதியை ஓதுகிறவனே இவன்தான். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினான். கூடவே தோட்டா ஒன்று மேசையில் விழுந்து உருண்டது. முதல் நாள் சுட்டுப் பழகியதில் மிஞ்சியதை ஜாக்கெட் பையில் போட்டு மறந்திருக்கிறான். பயிற்சியாளர் கதவைக் காட்டினார். கட்டணம் போனது போனதுதான்.

"அந்தப் பயிற்சியாளர் சத்தமே போடல லொரீன். ஒரு வார்த்த திட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

"நான் போடுறேன் இரு. ஒத்தத் தோட்டாவுக்கு நானூத்தி எழுபது டாலர். தங்கத்துலயா செஞ்சிருந்தாங்க?"

இரண்டு வாரம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தான். பிறகு மெல்ல ஆரம்பித்தான்.

"இன்னொரு தடவ போயிட்டு வர்றேனே."

"மழை உன்னக் கேட்டுட்டா வரும்?"

"ராயோட கால நெனச்சுப் பாரு."

"அந்தக் காலக் காட்டியே என்னைக் கொல்லு."

மறுநாள், கூரைப் பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்துக் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் பட்டென்று வைத்தாள்.

"இதுதான் கடைசி. இதுலயும் கோட்டை விட்டேன்னு வை, அந்த வாளிக்குப் பதிலா நீதான் நிப்ப."

சனிக்கிழமை காலை, தூறல். கிளம்புகிறவன் சமையலறையில் வந்து நின்றான். அவள் கேட்கவே இல்லை. ஜாக்கெட் பைகள், சட்டைப்பை, காற்சட்டைப் பைகள் எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டான். கைக்குட்டை, பல்குச்சி, ஒரு புதினா மிட்டாய். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஜாக்கெட்டின் உள் தையல்வரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சரி, போ."

டெல்மர் படியிறங்கினான். காற்சட்டையின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பைத்துணி தொங்க, அதை உள்ளே தள்ளாமலே வண்டியில் ஏறினான்.