சௌந்திரம் டீச்சரின் டிவி கேம்

சௌந்திரம் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கணவர் வெங்கடாசலம் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். குழந்தைகள் இல்லை. 1986-இல் ஊருக்கு வந்தபோது, பம்பாயில் வாங்கிய ஒரு டிவி கேமை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். டிவியில் மாட்டினால் திரையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கோடு, நடுவில் ஒரு புள்ளி. ஆளுக்கொரு கைப்பிடி; அதிலுள்ள குமிழைத் திருகிக் கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் புள்ளியைத் திருப்பி அடிக்க வேண்டும். தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். பதினைந்து எடுத்தால் வெற்றி. சாயங்காலங்களில் அவளுக்குப் பொழுது போகட்டும் என்பது அவர் நினைப்பு.

அவர் வண்டியேறிப் போனபின் சௌந்திரம் இரண்டு கைப்பிடியையும் தானே பிடித்துக்கொண்டு ஆடிப் பார்த்தாள். நான்கு நாளில் சலித்துவிட்டது. வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு வரவில்லையே என்ற கவலை வேறு. ஒரு வெள்ளிக்கிழமை, சின்ன டிவியையும் கேமையும் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள்.

பள்ளியில் மின்சாரம் இல்லை. அடுத்திருந்த ஜவ்வரிசி மில்லில் கேட்டு, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு மட்டும் என்று தலைமையாசிரியர் சம்மதித்தார்.

ஆனால் அந்த டிவியில் படம் சற்று மேலேறித் தெரியும். பாயிண்ட் காட்டும் எண்கள் டிவியின் மேல்சட்டத்துக்குள் மறைந்துபோயின. யாருக்கு எத்தனை என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். ஆட மாட்டேன் என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்த வசந்தாமணியிடம் சௌந்திரம் சாக்பீஸைக் கொடுத்து, போர்டில் எழுதச் சொன்னாள். கழித்தல் என்றாலே அழுகிற பெண் அவள்.

ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும், ஜெயிக்க இன்னும் எத்தனை வேண்டும் என்று ஆடுகிறவர்கள் கேட்டார்கள். வசந்தாமணி முதலில் விரல் விட்டு எண்ணினாள். பிறகு உதட்டுக்குள்ளேயே எண்ணினாள். பொங்கல் லீவு முடிந்து வந்தபிறகு, அடுத்த பந்து கிளம்புமுன் சொல்லிவிடுவாள். போர்டைச் சுற்றி மற்றப் பிள்ளைகளும் முந்திக்கொண்டு சொல்லப் பழகினார்கள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. ஜவ்வரிசி மில்லில் வேலை செய்யும் வசந்தாமணியின் அம்மா மயிலம்மாள், வேலைச் சேலையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், கணக்குப் படிக்க அனுப்புனா டிவி பாக்க உட்டிருக்கறீங்களாமா?"

சௌந்திரம் வாதாடவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னாள். ஆட்டம் நடந்தது. முடியும்வரை மயிலம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோது குரல் தணிந்திருந்தது.

"அவ டிவிப் பக்கமே திரும்பலீங்களே. கணக்கத்தான பாக்கறா."

அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

மழைக்காலத்தில் வண்டி ஓட்டம் நின்று வெங்கடாசலம் ஊர் திரும்பினார். டிவி இருந்த இடம் காலியாக இருந்தது.

"உனக்குன்னு வாங்கியாந்தேன். பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் வெச்சுட்டியா?"

"அது ஒருத்தரு ஆடறதில்லீங்க. ரெண்டு பேரு வேணும்."

அந்த வெள்ளிக்கிழமை அவரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் ஒரு கைப்பிடியை அவரிடமும் மற்றொன்றை டீச்சரிடமும் கொடுத்தார்கள். பாறையைத் துளைக்கிற கை அந்தச் சின்னக் குமிழைத் திருகத் தடுமாறியது. அவருக்கு இன்னும் பதினொன்று வேண்டும், டீச்சருக்கு ஒன்றே ஒன்று என்று, நாலாம் வகுப்புக்குப் போயும் வெள்ளிக்கிழமை போர்டை விடாத வசந்தாமணி அறிவித்தபோது, வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மறு வருஷக் கோடையில் திடீரென்று வோல்டேஜ் ஏறி டிவி கேம் பெட்டி கருகிவிட்டது. சேலத்து மெக்கானிக்கும் கைவிரித்தார். பிள்ளைகள் போர்டை வெளியே தூக்கிவந்து வைத்து, மைதானத்தில் ரப்பர் பந்தை அடித்து ஆடிப் பாயிண்ட் எழுதினார்கள்.

அடுத்த முறை போர்வெல் வண்டி கிளம்பியபோது வெங்கடாசலம் தன் தம்பியை அனுப்பிவிட்டு, ஊரிலேயே தங்கி வயற்காட்டில் மஞ்சள் பயிர் போட்டார். "ஊட்லயும் ரெண்டு பேரு வேணுமல்ல" என்றார். பள்ளி விட்டு வந்ததும் அவளும் காட்டுக்குப் போவாள். அவர் மடை திருப்புவார், அவள் வரப்பில் உட்கார்ந்து அன்றைய வகுப்புக் கதைகளைச் சொல்வாள்.