இணைச்சீர்க்காரியின் கைகள்

எருமப்பட்டிக்குத் தெற்கே இரண்டு கல் தள்ளி, மேட்டுக்காட்டுக் காளியப்பன் என்றால் அந்த நாளில் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு கிணறு, எட்டு உருப்படி மாடு, கறுப்பு மண்ணில் பருத்தி. அவருடைய மகள் சௌந்திரத்தையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் மழையை விசாரிப்பார்கள், மாட்டை விசாரிப்பார்கள், மகன் கருப்பண்ணனை விசாரிப்பார்கள். மகளை விசாரித்தால் வீட்டுக்காரர்கள் மனம் நோகும் என்று ஊரே கூடிப் பேசியதுபோல் விட்டுவிடும். மாட்டுக்கு இருந்த மரியாதை அவளுக்கு இல்லை என்பதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

எல்லாம் அவள் கைகளால் வந்தது. சந்தோஷமானாலும் பயமானாலும் சௌந்திரம் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, விரல்களை விரித்து, மணிக்கட்டிலிருந்து படபடவென்று ஆட்டுவாள். தொண்டைக்குள் ம்ம்ம் என்று ஒரு முனகல் கூடவே ஓடும். கைக்குழந்தையில் பார்த்துச் சிரித்தவர்கள் ஐந்து வயதில் சிரிப்பதை நிறுத்தினார்கள். பத்து வயதில் மந்திரிக்கச் சொன்னார்கள். மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கை சும்மா இருக்கும் நேரத்தில் அதன் முடிச்சைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே இருக்க வாகாக இருந்தது. மந்திரித்தவர் இதைக் கேட்டிருந்தால் கயிற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

மற்றபடி அவள் யாருக்கும் இளைத்தவள் இல்லை. பருத்தி எடுப்பாள், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுப்பாள், களி கிண்டுவாள். பேச்சுதான் கம்மி. அதிலும் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

எங்கள் பக்கத்தில் வாசலில் நின்று கையை உதறினால் சீதேவி வெளியே போய்விடுவாள் என்பார்கள். உறவு வேண்டாம் என்று முறித்துக்கொள்கிறவன்தான் ஆள் முன்னால் கையை உதறுவான். பெற்ற பெண்ணே நாளெல்லாம் அப்படி நின்றால்? அவளுடைய அம்மா பெருமாயிக்கு அதுதான் ஓயாத பயம். மகள் கை எழும்பும்போதெல்லாம் எங்கிருந்தாலும் ஓடிவந்து, தன் இரண்டு கைகளால் அந்தக் கைகளை அமுக்கிப் பிடிப்பாள். அடிக்க மாட்டாள், வைய மாட்டாள். அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் சாமி, வேண்டாம் சாமி" என்பாள். பத்தொன்பது வருஷம் இப்படியே போயிற்று.

உதறுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். சௌந்திரம் எதையும் உதறவில்லை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி, தண்ணீர் இறைக்கிற தோல் பறியிலிருந்து கொட்டியது காய்ந்த வாய்க்காலில் நுரையும் சருகுமாக ஓடிவரும்போது, அவளுக்கு அதைப் பார்த்த சந்தோஷம் கண்ணோடு நிற்காது. நெஞ்சுக்கு இறங்கும், தோளுக்கு ஏறும், முழங்கையில் வந்து குறுகுறுக்கும். அங்கிருந்து அது போக ஓர் இடம் வேண்டும். கையை ஆட்டினால் விரல் நுனி வரைக்கும் வந்து சேரும். அப்போதுதான் அந்தத் தண்ணீர் முழுக்க அவளுடையதாகும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் பாதித் தண்ணீர்தான் பார்த்த மாதிரி இருக்கும்.

இதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் ஒருவன்தான், மூன்று வயது மூத்த அண்ணன் கருப்பண்ணன். ஒரு நாள் வாய்க்கால் கரையில் நின்று, இவ்வளவு நேரம் ஆட்டுகிறாயே, கை வலிக்காதா என்று கேட்டான். அவள் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஆட்டாட்டித்தான் வலிக்கும்ணா."

கருப்பண்ணன் அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆட்டாமல் இருந்தால்தான் வலி என்ற பதில் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த ஒரு பதிலை ஊரில் வேறு யாராவது கேட்டு வாங்கியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் தை பிறந்ததும் கருப்பண்ணனுக்குப் பெண் அமைந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் மருதாசலம் என்பவருடைய மகள் குப்பாயி. நிச்சயம் பேச அவர்கள் வந்த அன்றைக்குப் பெருமாயி சௌந்திரத்தைப் பருத்தி கொட்டி வைத்திருந்த அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். மகள் எங்கே என்று கேட்ட மருதாசலத்திடம், நாமக்கல்லில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், உடம்புக்கு முடியாமல் அங்கேயே தங்கிவிட்டாள் என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் சௌந்திரம் எல்லாவற்றையும் கேட்டாள். முட்டி அளவு பஞ்சில் உட்கார்ந்து முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். பஞ்சில் ஆடினால் சத்தம் வராது.

சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைப்புடவை வைத்த கூடையை ஏந்திக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். புடவையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் தோளில். புதிதாக ஒருத்தி வருகிறாள் என்பதற்காக இந்த வீட்டில் பிறந்தவளுக்கு உரிமை போய்விடாது என்று ஊரறியச் சொல்லும் சீர் அது. கூடப்பிறந்தவள் இல்லாதவன் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்திக்கொள்வான்.

பங்காளி வீட்டில் பெண் தயாராக இருந்தது. காளியப்பனின் தம்பி மனைவி ஆராயி, தன் மகள் பழனியம்மாளை நிறுத்திக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சீரில் நின்று சௌந்திரம் கையை உதறினால் அண்ணன் உறவையே உதறின கணக்கு ஆகாதா என்றும் கேட்டாள். பெருமாயிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கருப்பண்ணன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான். "சௌந்திரம் நிக்காட்டி இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம்."

மகள் பக்கம் திரும்பிப் பெருமாயி, நிற்பாயா என்று கேட்டாள். சௌந்திரத்திடம் அந்த வீட்டில் ஒரு விஷயத்தில் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நிக்கறேன்" என்றாள் சௌந்திரம். அவளுக்கு வேண்டியிருந்தது. பஞ்சு அறையில் உட்கார்ந்த நேரம் முழுக்க அவளுக்கு ஓடிய எண்ணம் அதுதான், அந்த வீட்டுப் பெண் என்று ஒரு தடவையாவது நாலு பேர் நடுவில் நிற்க வேண்டும் என்று.

ஒரு மாசம் பழக்கினாள் பெருமாயி. நாலு படி சோளத்தைக் கொட்டிய கூடையைக் கையில் கொடுத்து, காலையில் பால் கறந்து முடித்ததிலிருந்து வெயில் தொழுவச் சுவரில் ஏறும் வரைக்கும் நிற்க வைப்பாள். கை அசைந்தால் முதலிலிருந்து. பத்தாம் நாள் சௌந்திரம் அசையாமல் நின்றாள். இருபதாம் நாள் ஆராயி வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனாள். பெருமாயிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சரியாகிப்போச்சு என்று.

சரியாக ஆனது ஒன்றுமில்லை. பல்லைக் கடித்துக் கடித்துச் சௌந்திரத்துக்குத் தாடை வீங்கியிருந்தது. கூடையை இறக்கியதும் தொழுவத்துக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காத இடத்தில் நின்று, தோள் ஓயும் வரைக்கும் கையை ஆட்டுவாள். கடைசி வாரத்தில் ஒரு நாள் அப்படி ஆட்டி முடித்துத் திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சௌந்திரம் தானாகவே கைகளை முன்னால் நீட்டினாள், அமுக்கிக்கொள்ளட்டும் என்று. பெருமாயி அமுக்கவில்லை. மகளின் வீங்கிய தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கலியாணம் மாப்பிள்ளை வீட்டிலேயே, பந்தல் போட்டு நடந்தது. முந்நூறு பேருக்குக் குறையாது. எங்கள் கலியாணத்துச் சீர்களை நடத்தி வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அன்றைக்கு வந்தவர் சின்னுசாமி. அவர் சைகை காட்ட, கருப்பண்ணன் முக்காலியில் உட்கார்ந்தான். சௌந்திரம் கூடையோடு பக்கத்தில் வந்து நின்றாள். மேளம் எடுத்தது.

பழக்கிய ஒரு மாசமும் மேளம் கிடையாது. அதை யாரும் நினைக்கவில்லை.

முதல் அடி காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. நாயனம் பல்லுக்குள் புகுந்தது. சாமந்திப்பூ வாசம், புதுப்புடவையின் கஞ்சி மொடமொடப்பு, முந்நூறு முகம், எல்லாம் வாசல் இல்லாத வீட்டுக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிற மாதிரி அவளுக்குள் வந்தன. எதுவும் வெளியே போகவில்லை. போகிற வழி கைதான். கையில் கூடை இருந்தது. முழங்கை எரிந்தது. பிடரியில் வேர்வை ஓடியது. முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இது எந்த இடம், எதற்காக நிற்கிறோம் என்பதுகூட அவளை விட்டு நழுவ ஆரம்பித்தது. விடக்கூடாது என்பது மட்டும் மிச்சம் இருந்தது. கூடையை விட்டால் பழனியம்மாள் வந்து நிற்பாள். அப்புறம் இந்த வீட்டில் அவள் யார்?

கருப்பண்ணனுக்குக் கையில் பிடித்திருந்த தலைப்பு வழியாகவே தெரிந்துவிட்டது. புடவை முழுக்க நடுங்கியது. சீரின் நடுவில் மாப்பிள்ளை எழக்கூடாது. அவன் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். பந்தலின் ஓரத்தில் ஆராயி அதற்குள் மகளின் முதுகில் கையை வைத்து ஓர் அடி முன்னால் தள்ளியிருந்தாள்.

பெருமாயி முந்திக்கொண்டாள். பெண்கள் வரிசையைப் பிளந்துகொண்டு வந்து மகள் எதிரில் நின்றாள். சௌந்திரத்துக்கு அம்மாவின் கைகள் மட்டும் தெரிந்தன. அமுக்கப்போகிறாள் என்று நினைத்தாள். அந்தக் கைகள் கூடைக்கு அடியில் போயின.

"கூடைய எங்கிட்டக் குடு சாமி. நீ கைய ஆட்டிக்க."

சௌந்திரம் நம்பாமல் பார்த்தாள். பெருமாயி கூடையை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். சின்னுசாமி கையைத் தூக்க, மேளம் நின்றது.

முந்நூறு பேர் பார்க்க சௌந்திரம் கையை ஆட்டினாள். முதலில் விரல், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் தோள் வரைக்கும். ம்ம்ம் என்ற முனகல் அந்த அமைதியில் பந்தல் முழுக்கக் கேட்டது. முழங்கையில் எரிந்தது விரல் வழியாக இறங்கிப் போயிற்று. மேளம் போயிற்று, நாயனம் போயிற்று. ஒட்டியிருந்த முகங்கள் தனித்தனியாகப் பிரிந்தன. அது அண்ணன். அது அப்பா. காலுக்கடியில் தரை வந்தது. மூச்சு வயிறு வரைக்கும் போய்த் திரும்பியது. சாமந்திப்பூ நல்ல வாசம்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. உடம்பு முழுக்கத் தன்னுடையதாகத் திரும்பிக் கிடைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஆட்டினாள். இந்தத் தடவை பயத்துக்காக இல்லை.

பெண் வீட்டார் பக்கம் சலசலத்தது. மருதாசலம் எழுந்து நின்றார். அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறவர். இது யார் என்று கேட்டார். உதறுகிற கையைச் சீரில் நிறுத்தலாமா என்றும் கேட்டார்.

பெருமாயி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். அத்தனை ஆண்கள் நடுவில் அவள் குரல் எழுப்பியதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"என்ற மவளுங்க. நீங்க வந்த அன்னைக்கு உள்ளதான் இருந்தா, நாந்தான் பொய் சொல்லி ஒளிச்சு வெச்சேன். இவ எதையும் உதறலைங்க. மனசு ரொம்பினா கை ஆடுமுங்க, அவ்வளவுதான். பத்தொம்பது வருசமா அமுக்கிப் புடிச்சவ நான். தப்பு என்னோடதுங்க, அவ கையோடது இல்லை."

மருதாசலம் சௌந்திரத்தைப் பார்த்தார், முக்காலியில் தலைப்பை விடாமல் பிடித்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு சின்னுசாமியிடம், மேளத்தைக் கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சௌந்திரம் அம்மாவிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டாள். அருமைக்காரர் வழக்கப்படி, இணைச்சீருக்கு நிற்பது யார் என்று கேட்டார். பெரியவர்கள் யாராவது சொல்வதுதான் முறை. காளியப்பன் வாயைத் திறப்பதற்குள், "சௌந்திரம். இந்த ஊட்டுப் பொண்ணு" என்றாள் சௌந்திரம். பந்தலில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேளம் மறுபடி எடுத்தது. சீர் முடியும் வரைக்கும் பெருமாயி தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மகள் பக்கத்திலேயே நின்றாள், திரும்பவும் கூடையை வாங்க வேண்டியிருந்தால் வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியபடி.