தாய்மாமன் வாங்கிய சவரக்கத்தி

எஃகைப் பார்த்துத் தரம் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கப்பலூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் பன்னிரண்டு வருடமாக கிரைண்டிங் மெஷினில் நிற்கிறேன். லேத்தில் இரும்பைச் சீவுகிற உளிகளுக்குக் கூர் பிடித்துக் கொடுப்பது என் வேலை. நான் பிடித்த கூர் திரும்பி வந்ததாக இதுவரை பேச்சே இல்லை. எங்கள் ஃபோர்மேன் லேசில் யாரையும் பாராட்டாதவர். அவரே என் மேசையிலிருந்து போகும் உளிகளை மறுபடி அளந்து பார்ப்பதில்லை.

என் மகளுக்கு ஒரு வயது முடிந்ததும், உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துவதாக நாள் குறித்தோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடியெடுப்பார்கள். எனக்கு இருப்பது ஒரே தம்பி. பேரையூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறான். தோடும் பட்டுப்பாவாடையும் வாங்கிய பிறகும் அவனுக்கு மனசு ஆறவில்லை. "எம்மடியில உக்காந்து எடுக்குற மொட்டை, நான் வாங்குன கத்தியிலதான் எடுக்கணும்" என்று, மடக்கும் சவரக்கத்தி ஒன்றை ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கிவிட்டான். வாங்கியதோடு விட்டானா? அதைச் சீர்த்தட்டில் வைத்துக் கொண்டுவரப் போவதாக என் கணவர் வீட்டில் ஒருவர் விடாமல் சொல்லியும் வைத்துவிட்டான்.

கத்தி சரியில்லாமல் பிள்ளையின் தலையில் ஒரு கீறல் விழுந்தாலும் அவ்வளவுதான். என் கணவரின் அண்ணன் கேலி பேசுவதில் கெட்டிக்காரர்; தம்பியை ஆயுசு முழுக்க ஓட்டித் தள்ளிவிடுவார். "கத்திய எங்கிட்ட குடுத்துட்டுப் போ. நான் பாத்துச் சொல்றேன்" என்று தம்பியிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

விற்ற பக்கத்தில் போட்டிருந்ததைப் படித்தபோதே சந்தேகம் வந்தது. ஜப்பான் எஃகு, கையால் அடித்தது, பரம்பரைத் தரம் என்று அடுக்கியிருந்தார்கள். வாங்கியவர்கள் கொடுத்திருந்த ஐந்து நட்சத்திரங்களுக்குக் கீழே "டெலிவரி ஃபாஸ்ட்", "டப்பா அழகு" என்றெல்லாம் இருந்தது. சவரம் செய்து பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை. கத்தியின் மேல் தண்ணீர் அலை மாதிரி கோடுகள் ஓடின. உண்மையான அடுக்கு எஃகு என்றால் அந்தக் கோடு துடைத்தால் போகாது. பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்து ஒரு தேய் தேய்த்தேன். கோடு துணியோடு வந்துவிட்டது.

அடுத்து, டூல் ரூமில் எஃகின் உரத்தை அளக்கும் மெஷினில் வைத்தேன். அது சின்னதாக ஒரு புள்ளி குத்தித்தான் அளக்கும். அலகில் தழும்பு விழக்கூடாதே என்று, பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் வால் பகுதியில் குத்தினேன். முள் பாதியைத் தாண்டவில்லை. எங்கள் ஸ்க்ரூடிரைவர் இதைவிட உரமாக இருக்கும். உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"சுத்த டூப்புடா. இத வச்சு வெண்ணெய்கூட வழிக்க முடியாது. ரிட்டன் போட்டுரு."

"சரிக்கா" என்றான். அவன் சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்ப எடுத்துப்போக மறுநாள் மாலை ஆள் வருவதாக இருந்தது. அன்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஸ்டோரில் வேலை பார்க்கும் என் சிநேகிதி கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்து, "நல்லாத்தானக்கா இருக்கு" என்றாள். எனக்குச் சுள்ளென்றது. "எங்க நல்லாருக்கு? இப்பப் பாரு" என்று அரத்தை எடுத்து அலகின் அடிப்பக்கத்தில் ஒரு இழு இழுத்தேன். இளகிய இரும்பு என்றால் அரம் கடித்துப் பொடி உதிர்க்கும். இதில் கடிக்கவில்லை. கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. புது அரம் ஒன்றை எடுத்து இழுத்தேன். அதுவும் வழுக்கியது.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. சவரக்கத்திக்கு அலகை மட்டும்தான் உரமேற்றியிருக்கிறார்கள். முறியாமல் இருக்க வாலை இளக்கமாக விட்டிருக்கிறார்கள். டிரில் பிட்டும் அப்படித்தான்; முனை உரமாகவும் தண்டு இளக்கமாகவும் இருக்கும். தினமும் என் கையில் புரள்கிற சாமான் அது. வாலைக் குத்திப் பார்த்துவிட்டு அலகுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு வருட அனுபவத்தோடு! அலைக்கோடு பொய், ஜப்பான் பொய், எஃகு மட்டும் பொய்யில்லை.

ரிட்டன் எடுக்க ஆள் வருவதற்குள் தம்பிக்குப் போன் போட்டேன்.

"நான் சொன்னது தப்புடா. கத்தி நல்ல கத்திதான். ரிட்டன கேன்சல் பண்ணு."

"நெசமாவாக்கா? நான் மனசு வருத்தப்படுவேன்னு சொல்றியா?"

"பிள்ளை தலைடா. அதுல போயி உனக்காகப் பொய் சொல்லுவேனா?"

"அப்பச் சரிக்கா, நீயே தீட்டிக் குடு" என்றான்.

எஃகு நல்லதாக இருந்தாலும் கூர் மட்டமாக இருந்தது. மார்க்கர் பேனாவால் விளிம்பில் மை பூசி, கல்லில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் மை போயிருந்தது. நடுவில் அப்படியே நின்றது. நடுவில் கல் படும் வரைக்கும் இழுக்க வேண்டும். மூன்று நாள், தினமும் ஷிப்ட் முடிந்ததும் அரைமணி நேரம் இருந்து, இரண்டு பக்கமும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் என் கணவரின் தோல் பெல்ட்டில் இழுத்தேன். என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கித் தொங்கவிட்டு, அலகைத் தொட்டேன். சத்தமில்லாமல் முடி இரண்டாகி விழுந்தது. மெஷினில்லாமல், வெறும் கையால் நான் பிடித்த கூர்களில் அதுதான் உசத்தி.

கோயிலில் சீர்த்தட்டைப் பார்த்ததுமே என் கணவரின் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "என்ன மாப்ள, கத்தி மட்டுந்தான் வந்துச்சா, கூடவே பிளாஸ்திரியும் அனுப்பிச்சானா ஆன்லைன்காரன்?" எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், ஆனால் அவன் காது சிவந்துவிட்டது.

முடியெடுக்க வந்தவர், ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு மாற்றுகிறவர். கத்தியை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். முழங்கை முடியில் ஒரு தடவை ஓட்டினார். கையிலிருந்த பிளேடைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்தார். மகள் தலையில் தண்ணீர் பட்டதும் வீரிட்டாள். கத்தி ஓட ஆரம்பித்ததும் அழுகையை நிறுத்திவிட்டு மாமன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஈரத்துணியால் துடைத்தபோது தலையில் ஒரு பொட்டு ரத்தமில்லை. முடியெடுத்தவர் தம்பியிடம், "இத யாருப்பா தீட்டுனது?" என்று கேட்டார்.

"எங்க அக்கா."

"அவுக ஆபீஸ்லல்ல வேலை பாக்குறாக?" என்றார் என் கணவரின் அண்ணன். கல்யாணம் பேசும்போது எங்கள் வீட்டில் சொன்ன பொய் அது. கணவருக்கு மட்டும் உண்மை தெரியும். மற்றவர்களிடம் நானும் திருத்தவில்லை, தம்பியும் திருத்தியதில்லை.

தம்பி பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, கோயிலே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னான். "ஆபீஸ் இல்ல மச்சான். மெஷின்ல நின்னு இரும்பு தீட்டுது. கை பூராம் கிரீஸு. அந்தக் கைதான் இதத் தீட்டுச்சு."

எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நகக்கண்ணில் நிற்கிற கறுப்பு தெரியக்கூடாது என்று விசேஷத்துக்கு விசேஷம் மருதாணி வைத்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கும் வைத்திருந்தேன். வைக்காமல் வந்திருக்கலாம்.