விரிக்கு வராத நார் இயந்திரம்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. ஹென்டர்சனில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஆக்லாந்தில் இறங்கியதிலிருந்து முழுதாக ஒரு வெயிலைப் பார்க்கவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், காரை எடுத்தார். கரூரில் போர்வை நெய்து விற்கும் எனக்குத் தன் ஆலையைக் காட்ட அவருக்கு அவ்வளவு ஆசை. ஆலை இருப்பது முப்பது கிலோமீட்டர் தள்ளி, விரி என்ற பகுதியில். மாலையே விமானம் என்பதால் பெட்டியும் கூட வந்தது. வழியில் ஒரு காப்பி ஆறு டாலர். ரூபாயில் கணக்குப் போட்டு வயிற்றெரிச்சலோடு குடித்தேன்.

ஆலை என்றால், இப்போதைக்கு ஒரு வாடகைக் கொட்டகை. புக்கெகோஹி என்ற ஊரின் விவசாயி ஒருவர் அனுப்பிய ஹெம்ப் தண்டுகள் கட்டுக்கட்டாக ஈர வாடையோடு கிடந்தன. கஞ்சாவின் இனம்தான், ஆனால் போதை ஏறாது, லைசென்ஸ் வாங்கி வளர்ப்பது. உரிக்கும் இயந்திரம் வந்தால் இது நூலாகும், வராவிட்டால் மக்கிப்போகும். இயந்திர விலையில் பாதியைத் தர அரசு சம்மதித்திருந்தது. மறுபாதி தன்னிடம் இருப்பதாக அன்று ஐந்து மணிக்குள் சிவநேசன் காட்ட வேண்டும். தன் வீட்டின் மேல் கடன் வாங்கி அதைத் தருவதாகச் சொல்லியிருந்தவர் ராகவன், ஐ.டி. வேலையில் இருக்கும் சென்னைக்காரர்.

பத்து மணிக்கு ராகவன் வந்தார். உட்காரவில்லை. "கஞ்சா ஆலைக்கு அரசாங்கமே காசு தருதாமே" என்று கோயிலில் யாரோ சிரித்தது அவர் மனைவியின் காதில் விழுந்துவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நேரம். அந்த அம்மா சரியாகத் தூங்குவதே இல்லையாம்.

"இதிலை போதை இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார் சிவநேசன்.

"எனக்குத் தெரியும் அண்ணா. மத்தவங்களுக்கு யார் சொல்றது? என்னால பணம் தர முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் போனபின் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்த மனிதர், ஒரு சொல்லுக்கா இப்படி நடுங்குவது என்று கத்தினேன். சிவநேசன் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஒருவரும் பணம் தருவதாகச் சொல்லவில்லை.

ஐந்து மணி விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே கழிந்தது. வாசலில் சிவநேசன் ஒரு காகிதப் பையை நீட்டினார். அவர் கையாலேயே உரித்த ஒரு பிடி நார்.

"உங்கட ஊர் மில்லுக்காரருக்குக் காட்டுங்கோ. வேணுமெண்டு அவை எழுதித் தந்தால், நான் திருப்பி விண்ணப்பிக்கலாம்."

மெத்தென்று இருந்தது, போர்வைக்கு அருமையான நார். சென்னையில் பெட்டியைத் திறக்கச் சொல்லும் அதிகாரியிடம் இதற்கு என்ன பெயர் சொல்வேன் என்று நினைத்தேன். கை தானாகவே பையைத் திருப்பி நீட்டியது.

"போட்டோ எடுத்துட்டுப் போயிடறேனே," என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. "ஓம், அதுவும் நல்லதுதான்," என்றவர், படத்தில் நன்றாக விழட்டும் என்று நாரைப் பிரித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.